சோப்புக் கதை

அக்கா இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதங்களை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டியது நான். பதில் எழுதியதும் நான்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள், நான் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று மனசுக்குள் எத்தனையோ தடவை பங்கு பிரித்துப் பார்த்திருக்கிறேன். எப்படிப் பிரித்தாலும் கையெழுத்து என்னுடையது.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். சேலம் சூரமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அம்மா, அக்கா, நான். அக்கா நர்சுப் படிப்பு முடித்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் நடுவில் ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்களைப் போலவே வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை இங்கிலாந்தில் ஒரு துணி மில்லின் ஆபீசில் கிளார்க். ஒரு மாத லீவில் வந்தார், பெண் பார்த்தார், கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள், நான்காவது வாரம் கல்யாணம். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. வெளிநாட்டிலிருந்து என்னென்ன வரும் என்பதுதான் என் நினைப்பு.

அக்கா அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் முதல் கடிதம் வந்தது. வானத்து நீலத்தில் ஒரே தாள், மூன்றாக மடித்து ஒட்டியது. ஏரோகிராம் என்பார்கள். உள்ளே வேறு தாள் எதுவும் வைக்கக் கூடாது. எழுத வேண்டியதை அந்த ஒரு தாளுக்குள்தான் எழுத வேண்டும். குளிர், சாப்பாடு, வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி என்று அக்கா எழுதியிருந்தாள். அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: "அத்தைக்கும் தங்கைக்கும் என் அன்பு." மாப்பிள்ளை எழுதியது. அதன்பின் வந்த எல்லாக் கடிதத்திலும் அந்த ஒரு வரி இருந்தது. "பாரு, எவ்வளவு மரியாதையான பையன்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

நாடகத்தைப் பற்றிய பேச்சு ஐந்தாவது ஆறாவது கடிதத்தில் வந்தது. அங்கே வீட்டில் டெலிவிஷன் இருந்தது. நாங்கள் அதுவரை டெலிவிஷனைக் கண்ணால் பார்த்ததில்லை. அதில் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு நாடகம் வருமாம். பல வருஷமாக ஓடுகிறதாம், முடிவே கிடையாதாம். ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள், முனையில் ஒரு சாராயக் கடை, அந்தக் கடையை நடத்துவது ஒரு விதவை. தெருவில் குடியிருப்பவர்களின் சண்டை, கல்யாணம், சாவு எல்லாம் கதை. "இந்த மாதிரி நாடகத்தை இங்கே சோப்பு நாடகம் என்கிறார்கள். முன்னே சோப்புக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காக நடத்தினார்களாம்" என்று எழுதியிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சோப்புக் கதை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை முடிந்ததும் தெருப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போவது வழக்கம். உபதேசியார் மனைவி கட்டாயம் வருவார். பூசைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாத ஒருவரும் வருவார். அடுத்த வீட்டு லாரிக்காரரின் மனைவி. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக் குடும்பம். புருஷன் காட்டு நிலத்தில் பாதியை விற்று இரண்டு லாரி வாங்கிக்கொண்டு சேலத்துக்குக் குடிவந்தவர். எல்லோரையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார், என்னையும்கூட. "ஏஞ் சாமி, காயிதம் வந்துதா? அந்தச் சாராயக் கடைக்காரியக் கட்டிக்கிறேன்னானே, அவன் என்ன பண்ணுனான்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

அவன் ஏற்கெனவே பெண்டாட்டி உள்ளவன் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் தெரிந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் காப்பி இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. பிறகு நாடகத் தெருவின் சலவைக்கடை தீப்பிடித்து ஒரு கிழவர் செத்துப்போனார். தீ வைத்தது யார் என்று எங்கள் தெருவில் ஒரு மாதம் பேசினார்கள். அக்கா அதையெல்லாம் அழகாக எழுதுவாள். ஆள் எப்படி நிற்பான், எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவான் என்றெல்லாம் இருக்கும். நான் குரலை மாற்றிப் படிப்பேன். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். மெய்யாகவே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்பதற்காக அல்ல.

இரண்டாவது வருஷம் அந்தத் தெருவுக்கு ஒரு புது ஜோடி குடிவந்தது. ஒரு ரொட்டிக்கடைக்காரனும் அவன் மனைவியும். "இந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது" என்று அக்கா எழுதினாள். "வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுப்பதில்லை. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் புருஷன் வருகிறவரைக்கும் வாசற்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. மழை பெய்தாலும்."

"மறதிக்காரியா இருப்பா. எங்கயாச்சும் தொலைச்சிருப்பா. அதனாலதான் குடுக்க மாட்டேங்கிறான்" என்றார் உபதேசியார் மனைவி.

அடுத்தடுத்த கடிதங்களில் சாராயக் கடை விதவை இரண்டு வரியில் முடிந்துபோனாள். ரொட்டிக்கடைக்காரன் மனைவிதான் பாதித் தாளுக்கு வந்தாள். புருஷனுக்குக் கோபம் வந்தால் அவளுடைய குளிர்க் கோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவான். கோட்டு இல்லாமல் அந்த ஊரில் தெருமுனைவரை போக முடியாது. அதனால் அவள் வீட்டிலேயே கிடப்பாள். ஒரு நாள் குழம்பு ஆறிப்போயிருந்தது என்று சட்டியோடு எடுத்துச் சுவரில் அடித்தான். பிறகு ஒரு நாள் அவளை அடித்தான்.

குழம்பு. நான் அதைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். வெள்ளைக்காரன் வீட்டில் ஏது குழம்பு? எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

"அந்தப் பெண்ணுக்கும் வாய் நீளமா இருக்கும்" என்று அம்மா சொன்னாள். "சும்மா இருக்கிறவள எவன் அடிப்பான்?" வந்திருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். இதை எழுது என்று அம்மா சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். கதை கேட்டு நம் வீட்டில் எல்லோரும் என்னென்ன பேசுகிறார்கள் என்று எழுதினால் அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். "வாய் நீளமாக இருக்கும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்" என்று வேடிக்கையாக எழுதினேன்.

பதில் கடிதத்தில் அக்கா எழுதினாள்: "அம்மா சொன்னதைப் படித்தேன். அவளுக்கு வாய் நீளமில்லை. அவள் பேசுவதே இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் எல்லோரும் இந்தக் கதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவள் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் நன்றாக விசாரித்து எழுது. மறந்துவிடாதே."

மறந்துவிடாதே என்பதன் கீழே ஒரு கோடு போட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழைக்காலம். ஆறு பேர் இருந்தார்கள். நான் கேள்வியைப் படித்தேன். உபதேசியார் மனைவி, அவன் கோபம் தணிந்திருக்கும் நேரம் பார்த்து அவள் நல்லபடியாகப் பேச வேண்டும் என்றார். இன்னொருவர், கோயில் சாமியாரிடம் சொல்லிப் புத்தி சொல்ல வைக்கலாம், ஆனால் வெள்ளைக்காரர்கள் சாமியார் சொன்னால் கேட்பார்களா தெரியாது என்றார். அம்மா சிறிது யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும். ஆம்பளைங்க அதுவரைக்கும் அப்படித்தான்."

லாரிக்காரர் மனைவி அதுவரை பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏஞ் சாமி, அந்தப் புள்ளைக்குக் கையில தொழில் இருக்குதா?"

"அவ வேலைக்குப் போறதா அக்கா எழுதியிருந்தாங்க."

"அப்புறம் என்னத்துக்கு அவங்கூட இருக்கோணும்? கோட்டுப் போனாப் போகுது, ஒரு போர்வையப் போத்திக்கிட்டுக் கதவத் தொறந்து நடக்கச் சொல்லு. இன்னைக்குக் கோட்டப் பூட்டறவன் நாளைக்கு அவளையே போட்டுப் பூட்டுவான். எழுது சாமி, நாஞ் சொன்னேன்னு எழுது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "உங்க பக்கத்துல அப்படி இருக்கலாமுங்க. எங்களுக்குக் கோயில்ல கட்டின கட்டு. அவிழ்க்க முடியாது."

"கதையிலகூட அவுக்க முடியாதுங்களா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நான் ஏரோகிராம் வாங்கி எழுதினேன். உபதேசியார் மனைவி சொன்னதை எழுதினேன். பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னதை எழுதினேன். லாரிக்காரர் மனைவி சொன்னதையும் எழுதத்தான் இருந்தேன். அம்மா எழுதாதே என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது. நான் படித்த கல்லூரியில் ஒருத்தி வெங்காயத் தோல் நிறத்தில் நைலான் சேலை கட்டிக்கொண்டு வந்தாள், பூப் போட்டது. அதே மாதிரி எனக்கு வேண்டும். என்ன நிறம், பூ எவ்வளவு பெரிசு, கரை எப்படி என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடித்தபோது எழுத்து கடைசி மடிப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஒட்டிப் போட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ரொட்டிக்கடைக்காரன் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்தது. அம்மா வெற்றி பெற்றவள்போல் எல்லோரையும் பார்த்தாள். "பாத்தீங்களா? நாஞ் சொன்னேன்ல?"

இரண்டு கடிதம் தாண்டி அவள் மாடிப்படியில் விழுந்தாள். "ஐந்தாம் மாதம். குழந்தை தங்கவில்லை. அவளாகத்தான் விழுந்தாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்று அக்கா எழுதியிருந்தாள். அதற்கடுத்த பத்தியில் ஆஸ்பத்திரியில் தனக்கு வார்டு மாற்றியிருப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். அடியில் வழக்கமான வரி: "அத்தைக்கும் தங்கைக்கும் என் அன்பு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய செபமாலையில் அந்த ரொட்டிக்கடைக்காரன் மனைவிக்காகத் தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல வைத்தாள். ஒரு நாடகக்காரிக்காக நாங்கள் முழங்காலில் நின்று வேண்டினோம். பெற்ற பெண்ணுக்காக வேண்டிக்கொள்ள அம்மாவுக்குத் தோன்றவில்லை. அவள்தான் நன்றாக இருக்கிறாளே.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் படிப்பு முடித்து ஒரு துவக்கப்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, அக்காவோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் லீவில் வந்தாள். ஓமலூர்க்காரி. அக்கா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். பிரித்துப் பார்த்தால் சேலை. வெங்காயத் தோல் நிறம்தான். இத்தனை வருஷம் கழித்து.

அம்மா அவளை உட்கார வைத்துச் சோறு போட்டாள். பேச்சோடு பேச்சாக, "அதெல்லாம் இருக்கட்டும்மா, அந்த ரொட்டிக்கடைக்காரன் பொண்டாட்டி இப்ப எப்படி இருக்கா? மூணு மாசமா எம் பொண்ணு அவளப் பத்தி எழுதவே இல்ல" என்று கேட்டாள்.

அவளுக்குப் புரியவில்லை. "எந்த ரொட்டிக்கடைங்கம்மா?"

"அதான், டெலிவிஷன்ல. சோப்புக் கதையில."

"அந்த நாடகமா? நான் தவறாமப் பாக்கறேங்களே. அதுல ரொட்டிக்கடையே கிடையாதுங்கம்மா."

"புருஷன் கோட்ட வெச்சுப் பூட்டுவானே" என்றாள் அம்மா. "மாடிப்படியில விழுந்தாளே."

அந்த நர்ஸ் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அதற்குமேல் அவள் சாப்பிடவில்லை.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். ஐந்து ரோடு பக்கம் நடந்து போகும்போது அவளே சொன்னாள். அக்காவின் இடது மணிக்கட்டு இரண்டு தடவை ஒடிந்திருக்கிறது. இரண்டாவது தடவை சரியாகக் கூடவில்லை. குழந்தை போனபோது அக்காவைச் சேர்த்திருந்தது இவளுடைய வார்டில்தான். "எத்தனையோ தடவ சொன்னேங்க, எங்கூட வந்து இருங்கன்னு. வீட்டுல கேட்டு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்னு சொல்லுவாங்க. என்ன பதில் எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "அப்ப இத்தனை வருஷமா பொய் எழுதியிருக்கா?" மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்கிற கோபம் அது. அரை மணி நேரம் அந்தக் கோபத்தில் இருந்தாள். பிறகு பழைய கடிதங்களை எடுத்துவரச் சொன்னாள். நான் எடுத்து வந்தேன். எதையும் படிக்கச் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து நாங்கள் செய்த காரியம் இன்னும் மோசம். ஆட்டையாம்பட்டிக்குப் பஸ் ஏறி சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா மோர் கொடுத்து உட்கார வைத்தார். அம்மா அழுதுகொண்டே சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "அங்கெல்லாம் குளிருங்க. வேலைக் கஷ்டம். மனுசனுக்குக் கோவம் வரத்தான் செய்யும். நான் எழுதிக் கண்டிக்கிறேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எழுதினார். உன் மனைவி உன்னைப் பற்றி ஊருக்கு இப்படியெல்லாம் எழுதியிருக்கிறாளாம் என்று அத்தனையும் விவரமாக மகனுக்கு எழுதினார்.

அதன்பின் அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ஐந்தாவது மாதம் ஒரு ஏரோகிராம் வந்தது. அனுப்புநர் முகவரி ஆஸ்பத்திரி நர்சுகள் விடுதி. உள்ளே மூன்றே வரி. "நான் வெளியே வந்துவிட்டேன். உடம்பு தேறிவருகிறது. கவலைப்பட வேண்டாம்." அடியில் வேறு கையெழுத்து இல்லை. தாள் முழுவதும் வெறுமையாக இருந்தது.

அம்மா அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்கள் வந்தார்கள். காயிதம் வந்துதா, கதை என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். அம்மா சொன்னது காதில் விழுந்தது: "வந்துச்சு வந்துச்சு. அவன் திருந்திட்டானாம். ரெண்டு பேரும் சந்தோசமா இருக்காங்களாம். அதோட அந்தக் கதை முடிஞ்சிருச்சாம்."

"நல்லதாப் போச்சு" என்றார் உபதேசியார் மனைவி.

நான் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தேன்.

அக்கா ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு நான்கு வருஷம் கழித்து. அதற்குள் சேலத்துக்கே டெலிவிஷன் வந்துவிட்டது. லாரிக்காரர் வீட்டில் கலர் டிவி வாங்கியிருந்தார்கள். மொட்டை மாடியில் ஏரியலைத் திருப்பித் திருப்பி, இந்தித் தொடர் ஒன்றைத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். யாருக்கும் இந்தி தெரியாது. யார் மாமியார், யார் மருமகள் என்று முகத்தைப் பார்த்தே முடிவுசெய்து கொள்வார்கள்.

அக்கா மெலிந்திருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். இடது கையால் டம்ளரைத் தூக்கும்போது மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும். அக்கா வந்த அன்றே அம்மா ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லையாம், சம்பந்தி சொன்னார், நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு எழுதினால் போதும் என்று. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அவள் பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தாளே, அதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் லாரிக்காரர் மனைவி டிவி பார்க்கக் கூப்பிட்டார். போனோம். தொடர் முடிந்ததும் உபதேசியார் மனைவி அக்கா பக்கம் திரும்பினார். "இதெல்லாம் என்ன கதைம்மா. நீ எழுதுவியே, அதுதான் கதை. அந்த ரொட்டிக்கடைக்காரன் திருந்தி நல்லாயிட்டானாமே."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"திருந்தலைங்க" என்றாள் அக்கா. "அவதான் வெளிய வந்துட்டா."

"அய்யோ. எங்க போனா?"

"ஆஸ்பத்திரில ஒரு விடுதி. இப்பத் தனியா ஒரு ரூம் எடுத்து இருக்கா."

"புள்ள குட்டி?"

"இல்லைங்க."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். லாரிக்காரர் மனைவி மட்டும் தொடையில் தட்டிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னனுல்ல! போர்வையப் போத்திக்கிட்டு நடக்கச் சொன்னேன். இந்தச் சாமிகிட்டதானே எழுதச் சொன்னேன். ஏஞ் சாமி, எழுதுனியா இல்லியா?"

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படுக்கப் போய்விட்டாள். அக்கா என்னிடம் கேட்டாள். "எப்பச் சொன்னாங்க?"

"நீ கேட்டு எழுதினியே. அப்போ."

"அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" குழந்தைக்கு முன்னாலா என்று கேட்கிறாள்.

"முன்னால."

"ஏன் எழுதல?"

"தாள்ல இடமில்லக்கா."

அவள் கத்தவில்லை. திட்டவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "பூ எவ்வளவு பெரிசுன்னு ரூபாய் நாணயத்த வெச்சு வட்டம் போட்டுக் காட்டியிருந்தே" என்றாள். பிறகு சொன்னாள்: "ஒருத்தர் போதும் எனக்கு. யாராவது ஒருத்தர் போன்னு சொன்னாப் போதும்னு இருந்தேன். அவரு முதல் பத்திய மட்டும் படிச்சுட்டு, நாடகம்னு பாத்தா மிச்சத்தப் படிக்க மாட்டார். அதனாலதான் அப்படி எழுதினேன். நீங்க எல்லாரும் சேந்து அவ பேர்லயே தப்பு சொல்லி அனுப்பினீங்க. எனக்கே அது சரிதானோன்னு ஆயிடுச்சு."

நான் அழுதேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. எழுந்து போய் முகம் கழுவினாள்.

ஒரு மாத லீவில் வந்தவள் பத்து நாளில் கிளம்பிவிட்டாள். ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டிக்கு நிற்கும்போதுகூட அம்மா, "அவர் கூப்பிட்டா போயிடும்மா" என்றாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன்" என்று மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா தெரியாது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும். அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே கையெழுத்து மட்டும். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். கவரில் வைத்து எத்தனை தாள் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரி எழுதினேன். எதற்கும் பதில் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், எனக்கும் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்த பிறகு, அம்மா இறந்தபோது தந்தி கொடுத்தேன். "வர இயலாது. பூசை வைக்கவும்" என்று தந்தி வந்தது. பூசை வைத்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவர் வந்திருந்தார், அக்காவின் புருஷன். எங்கள் கோயிலுக்கே வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. சாமியார் கை குலுக்கினார். உபதேசியார் மனைவி, "பொஞ்சாதி இல்லாமத் தனியாக் கஷ்டப்படுறீங்களே" என்று அங்கலாய்த்தார். அவர் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கும் ஒன்று கொடுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா? அத்தை தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும், ஒரு வாக்கியம் போதும். கோட்டைப் பார்த்தேன். மகளின் கையில் இருந்த சாக்லேட்டைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கேனுங்க" என்றேன். "நீங்க எப்ப வந்தீங்க?"